வாயில்லா உயிரும் நம் கடமையும்

நாயைப் பற்றி நம்மவர் கொண்டுள்ள எண்ணம் விந்தையானது. நன்றியுணர்வுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமாயின் நாயைக் கூறுகிறோம். ஒருவனை இழித்துரைக்க வேண்டுமாயினும் நாயையே கூறுகிறோம். மாணிக்கவாசகர் இறைவன் திருமுன் தம்மைத் தாழ்த்திக்கொள்ளும்போது நாயாகவே தம்மைக் கருதிப் பாடினார். அதே நாய் வைரவர் சந்நிதியில் ஊர்தியாக நின்று மாலை மரியாதை பெறுகிறது.

சற்று ஆழ்ந்து நோக்கினால் இப்புகழும் இகழும் நாயைப் பற்றியன அல்ல என்பது விளங்கும். நன்றியுள்ளது என்று புகழும்போது, அது நமக்குக் காவலாய்க் கிடப்பதையே புகழ்கிறோம். இகழும்போதும் நம்முள் ஒருவனைத் தாழ்த்துவதற்கே அதன் பெயரைக் கடன் வாங்குகிறோம். காவல் காக்க வலுவில்லாத, வாலை ஆட்டவும் இயலாத நாய் ஒன்று நம் வாசலருகே வந்து விழுந்து கிடக்குமாயின், இவ்விரு பேச்சும் அதற்குப் பயன்படா. அப்போது எஞ்சி நிற்பவை ஓர் உயிர், அதன் வலி, அதைக் கண்டுவிட்ட நம் கண்கள். அந்த உயிருக்கு நாம் பட்டிருக்கும் கடமை யாது? அக்கடமைக்கு எல்லை உண்டா? இதுவே நான் இங்கே எண்ணிப் பார்க்க விரும்புவது.

கல்லெறிதல் தீது, பட்டினி போடுதல் தீது என்பதில் எவருக்கும் ஐயம் இல்லை. அங்கே வாதமும் இல்லை. கையில் எடுத்துவிட்ட பிறகு வரும் நாள்கள் பற்றியே என் வினா. பொதுவாகப் பேசும்போது நாம் எல்லாரும் நல்லவர்களாகிவிடுகிறோம். ஆகவே நான் அறிந்த ஒரு நாயைக் கொண்டே பேசுவது நேர்மை எனக் கருதுகிறேன்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18-ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. பள்ளிகள் மூடப்பட்டன. பிள்ளைகளின் படிப்பு கெட்டதைப் பற்றிப் பலரும் எழுதினார்கள். பள்ளிச் சிற்றுண்டிச் சாலைகளின் பின்புறத்தில் மிச்சச் சோற்றை நம்பி வாழ்ந்த நாய்களைப் பற்றி எழுதுவார் இல்லை. அவை எவருக்கும் உரியவை அல்ல. எனினும் அவற்றின் வாழ்வை நம் மிச்சச் சோறே அமைத்திருந்தது. சோறு நின்றபோது அவற்றுள் சில மடிந்தன. சில செம்பனைக் காட்டுக்குள் போய் மறைந்தன. 2021-ஆம் ஆண்டின் இறுதியில், பள்ளிகள் மீண்டும் திறந்த காலத்தில், எங்கள் பள்ளி வேலிக்கு அப்பால் உள்ள கால்வாயில் ஒரு பெண் நாய் கிடப்பதாக மாணவர்கள் வந்து சொன்னார்கள். பள்ளிக்கு எதிரே உள்ள என் வீட்டுக்கு அது கொண்டுவரப்பட்டது. முத்து என்று பிள்ளைகள் பெயரிட்டார்கள். அதன் தோற்றத்தில் முத்துக்குரிய எதுவும் அன்று இல்லை.

கால்நடை மருத்துவர் இரத்தத்தைச் சோதித்து இரண்டு நோய்களைச் சொன்னார். ஒன்று உண்ணிக் காய்ச்சல். நாயுண்ணி கடிக்கும்போது உட்புகும் நுண்ணுயிர் வெள்ளணுக்களைத் தாக்கும். இரத்தம் உறைவதற்கு வேண்டிய தட்டணுக்கள் குறையும். ஈறு வெளுத்து, மூக்கில் குருதி வடியும். நம் வட்டாரத்துக்கு இது புதிய நோயன்று. 1960-களில் சிங்கப்பூரில் இருந்த பிரித்தானியப் படையின் நாய்களும், பின்னர் வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் நாய்களும் இதனால் மடிந்தன. மற்றொன்று இதயப்புழு நோய். ஒரு கொசுக்கடி போதும். கொசுவின் வழியாக உட்செல்லும் நுண்புழு ஏறத்தாழ ஆறு திங்களில் முதிர்ந்து, நீண்ட நூல்போல் நுரையீரல் குழாய்களிலும் இதயத்திலும் குடியேறும். ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை அங்கேயே உயிர்வாழும். ஆண்டு முழுவதும் கொசு உள்ள நம் நாட்டில் காப்பு மருந்து பெறாத நாய் எதுவும் இதற்குத் தப்பிவிட்டதென்று சொல்ல முடியாது.

முதிர்ந்த புழுக்களை ஊசிமருந்தால் கொல்லலாம். ஆனால் செத்த புழு துண்டு துண்டாகி நுரையீரலில் அடைத்தால் நாயும் சாகும். மெலிந்து கிடந்த முத்து அதைத் தாங்காது என்று கருதிய மருத்துவர் மெதுவான வழியைத் தேர்ந்தார். உண்ணிக் காய்ச்சலுக்குத் தரும் டாக்சிசைக்ளின் மாத்திரையே புழுவையும் நலிவுறச் செய்யும். அதை 28 நாள்கள் தரவேண்டும். பின்னர் மாதந்தோறும் காப்பு மருந்து. புழு தானே தேய்ந்து சாக ஓராண்டும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை நாய் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, கிளர்ச்சியுறக்கூடாது.

இங்கேதான் முதல் சிக்கல் தோன்றியது. உடல் சிறிது தேறியதும் முத்து ஓட விரும்பியது. ஓடினால் சாவு. ஆகவே கட்டிப் போட்டோம். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி வேலியோரம் நின்று, "ஐயா, காப்பாற்றிய பிறகு ஏன் கட்டிப் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். புழுவைப் பற்றி விளக்கினேன், தலையசைத்தாள். ஆனால் அவளுடைய வினா நான் விளக்கியதைவிடப் பெரியது. கட்டப்பட்ட உயிருக்கு அது ஏன் கட்டப்பட்டது என்று தெரியாது. கசக்கும் மாத்திரையும் ஊசியும் சங்கிலியும் அதற்குத் துன்பங்களே. நோயுற்ற மனிதனுக்கு, "பொறுத்துக்கொள், நாளை நலமாகும்" என்று கூறலாம். நாளை என்பதையே அறியாத உயிரிடம் அதைக் கூற வழியில்லை. அதன் இசைவு இன்றி, அதன் நன்மையை நாமே முடிவு செய்து, அதன்மேல் துன்பத்தைச் சுமத்துகிறோம். இந்த உரிமையை நமக்கு யார் தந்தார்?

எவரும் தரவில்லை, நாமே எடுத்துக்கொண்டோம் என்பதே உண்மையான விடை. கால்வாயிலிருந்து தூக்கிய அந்நேரத்தில் எடுத்துக்கொண்டோம். உரிமை அவ்வாறு வந்ததாயின் கடமையும் அவ்வாறே வந்தது. நம் நாட்டுச் சட்டமும் இதையொட்டியே அமைந்துள்ளது. 2015-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2017-இல் நடைமுறைக்கு வந்த விலங்கு நலச் சட்டம், விலங்கை வைத்திருப்பவர் அதற்குத் தகுந்த இடமும் உணவும் தந்து, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் அதைக் காக்க வேண்டும் என்கிறது. கொடுமை புரிவோர்க்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை தண்டமும், மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க இடமுண்டு. சட்டம் கொடுமையைத் தண்டிக்கும். நள்ளிரவில் எழுந்து தண்ணீர் வைக்கச் சொல்லாது. அப்பகுதி அறத்துக்கே விடப்பட்டுள்ளது.

வள்ளுவர் அன்புடைமையை இல்லறத்திலும் அருளுடைமையைத் துறவறத்திலும் வைத்தார். தொடர்புடையார்மேல் செல்வது அன்பு, தொடர்பு நோக்காது எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்று உரையாசிரியர்கள் பிரித்துக் காட்டுவர். அன்பு முதிர்ந்து அருளாகும் என்பது நாம் வகுப்பறையில் கற்பிக்கும் வரிசை. நோயுற்ற நாயை எடுத்து வளர்ப்பவன் இவ்வரிசையைத் தலைகீழாகக் காண்கிறான். கால்வாயில் கிடந்தபோது அதன்மேல் எழுந்தது அருள். அன்று அது பெயரற்ற உயிர். பெயரிட்டு, மருந்து ஊட்டி, அதன் மூச்சின் ஒலியைக் கேட்டே அதன் நிலையை அறியப் பழகிய பின் வந்தது அன்பு. அருள் தெளிவாகப் பார்க்கும். அன்பு சில நேரங்களில் கண்ணை மறைக்கும். இதை மனத்தில் கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறேன். பின்னர் இது தேவைப்படும்.

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் மயிலுக்குப் போர்வை அளித்த பேகனையும் நாம் போற்றுகிறோம். முல்லைக்கு ஒரு கொழுகொம்பு போதும். மயிலுக்குப் போர்வை தேவையே இல்லை. முன்னோர் இதைக் கொடைமடம் என்றே பெயரிட்டனர், அறியாமல் பெயரிடவில்லை. அக்கொடை ஒரு கணத்தில் நிகழ்ந்து முடிந்தது, பாடலும் பெற்றது. நோயாளி நாயைப் பேணுவது இதற்கு நேர்மாறானது. அங்கே தேர் வேண்டாம். எடைக்கு ஏற்ப அளந்த மாத்திரையை, நாள்தோறும், அதே நேரத்தில், வாழைப்பழத்துள் மறைத்துத் தரவேண்டும். கழுவிய துணியை மறுநாளும் கழுவ வேண்டும். புலவர் எவரும் வந்து பாடமாட்டார். தருமன் நாயை விட்டுவிட்டு விண்ணுலகு புக மறுத்த கதையும் இவ்வாறே. அந்த நாய் அறக்கடவுளாக மாறித் தன் உண்மை உருவைக் காட்டியது. நம் வீட்டு நாய் அவ்வாறு மாறப்போவதில்லை. அடுத்த திங்களும் அது நாயாகவே இருக்கும். மருந்துக் கடன் மட்டும் ஏறியிருக்கும்.

கடன் என்றேன். பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பொருளை முடிக்க நினைப்பது முறையன்று. முதல் மூன்று திங்களில் எனக்கு ஏறத்தாழ 2,400 வெள்ளி செலவாயிற்று. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்தபின் ஒரு தந்தை என்னிடம் வந்தார். தோட்டம் துண்டாடப்படுமுன் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர்; இப்போது தொழிற்சாலை ஒன்றில் இரவுக் காவலர். "ஐயா, தவறாக நினைக்க வேண்டாம். என் பிள்ளைக்குக் கண்ணாடி வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். நாய்க்கு இவ்வளவா?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அது என்னைத் தைத்தது.

இக்கேள்விக்கு வழக்கமாகக் கூறப்படும் விடைகள் சில உண்டு. கருணை பங்கு போட்டால் குறையும் பொருளன்று என்பர். கருணை குறையாது, வெள்ளி குறையும். இங்கே கொடுத்தது அங்கே இல்லை. விலங்கு மருத்துவம் மனிதனுக்கும் பயன்படுகிறதே என்பர். அது உண்மை. இதயப்புழுக் காப்புக்குத் தரும் ஐவர்மெக்டின், ஜப்பானிய மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து பிறந்து, முதலில் கால்நடை மருந்தாகவே வந்தது. பின்னர் 1987 முதல் ஆற்றுக் குருடு என்னும் நோய்க்கு மருந்தாக இலவசமாக வழங்கப்பட்டு, ஆப்பிரிக்காவில் எண்ணற்ற மக்களின் பார்வையைக் காத்தது. அதைக் கண்ட ஓமுராவும் கேம்பெல்லும் 2015-இல் நோபல் பரிசு பெற்றனர். நாய்களுக்கு வரும் ஒருவகைத் தொற்றுக் கட்டிக்கும், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் தரப்படும் வின்கிரிஸ்டின் என்னும் மருந்து ஒன்றே. நம் கோயில் முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து அது எடுக்கப்படுகிறது. இவை மகிழத்தக்க செய்திகள். ஆயினும் அந்தத் தந்தைக்கு இவை விடையாகா. அவர் கேட்டது மருந்தின் வரலாற்றை அன்று.

நான் அவருக்குச் சொன்னது இது. மனிதக் குழந்தையின் கண்ணா, நாயின் இதயமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டிய நாள் வந்தால், குழந்தையின் கண்ணே முதலாவது. அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் ஒன்று முதலாவது என்பதால் மற்றொன்று ஒன்றுமில்லை என்றாகிவிடாது. பள்ளியின் பணத்திலோ சங்கத்தின் பணத்திலோ ஒரு காசும் நாய்க்குச் செல்லவில்லை, செல்லவும் கூடாது. என் வண்டியை மாற்றுவதற்கு வைத்திருந்த பணத்திலிருந்து செல்கிறது. வண்டி மாற்றியிருந்தால் எவரும் என்னைக் கேட்டிருக்கமாட்டார். புதிய வண்டியைப் பார்த்து எழாத ஏழைகளின் நினைவு, நாய்க்கு மருந்து வாங்கும்போது மட்டும் நம்மிடையே எழுவது ஏன்? அவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்துச் சிரித்தார். உடன்பட்டாரா என்று அறியேன். கண்ணாடிக்கு வழி பிறந்தது. அது வேறு செய்தி, இங்கே வேண்டாம்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். எங்கள் பள்ளியில் மலாய்மொழி கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் உள்ளார். முஸ்லிம். நாயின் ஈரம் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது அவர் பின்பற்றும் நெறி. அவர் முத்துவைத் தொடமாட்டார். ஆனால் அதன் படுக்கைக்கென்று பழைய துண்டுகளை மடித்துப் பையில் இட்டுக் கொண்டுவந்து வேலியில் மாட்டிவிட்டுச் செல்வார். தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் நீர் முகந்து வந்து கொடுத்த ஒருவனை இறைவன் மன்னித்த செய்தி புகாரி தொகுத்த நபிமொழி நூலில் உள்ளது என்று அவர்தாம் எனக்குச் சொன்னார். தொடாமலும் இரங்கலாம் என்பதை அவரிடம் கண்டேன். தொட்டுக் கொஞ்சுவதையே இரக்கம் என்று எண்ணும் நம்முள் பலர், கொஞ்சி முடித்ததும் கதவை அடைத்துக்கொள்வதையும் கண்டிருக்கிறேன்.

இரக்கத்துக்கும் பொறுப்புக்கும் உள்ள இந்த வேற்றுமையைக் காந்தியடிகள் கூர்மையாக உணர்ந்திருந்தார். 1926-ஆம் ஆண்டில் அகமதாபாத்தில் ஆலை முதலாளி ஒருவர் ஏறத்தாழ அறுபது தெருநாய்களைக் கொல்லச் செய்தார். வெறிநாய்க்கடிக்கு அஞ்சிய நேரம் அது. காந்தியடிகள் அச்செயலைக் கண்டிக்காததோடு அதன் தேவையை ஒப்புக்கொண்டும் எழுதினார். அகிம்சைவாதிகள் அதிர்ந்தனர். அவருடைய வாதம் இது: நாயை நேசிப்பவன் அதை வீட்டில் ஏற்று, முறையாக வளர்க்கட்டும், தெருவில் ஒரு கவளத்தை எறிந்துவிட்டு நடப்பது அறமாகாது, உரியவர் இன்றி நாய்கள் அலைவது அந்தச் சமுதாயத்தின் குறை. கொல்லுதல் பற்றி அவர் கொண்ட முடிவை என்னால் முழுதும் ஏற்க இயலவில்லை. 2015-இல் நம் வடமாநிலங்களிலும் 2017-இல் சரவாக்கிலும் வெறிநோய் பரவியதை அறிந்தவன் என்ற முறையில், அவருடைய அச்சத்தை இகழவும் இயலவில்லை. ஆனால் கவளத்தை எறிந்துவிட்டு நடப்பதைப் பற்றி அவர் சொன்னது நம் சிற்றுண்டிச் சாலைகளின் பின்புறத்துக்கும் பொருந்தும்.

இரண்டாண்டுகள் கழித்து அவர் முன்னே இதைவிடக் கடிய வினா வந்தது. 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் கன்று ஒன்று தீரா நோயுற்று, அசையவும் முடியாமல் வேதனையில் கிடந்தது. பிழைக்க வழியில்லை என்று உறுதியான பின் மருத்துவரை வரவழைத்து, ஊசிமருந்தால் அதன் உயிரைப் போக்கச் செய்தார், தாமும் உடனிருந்தார். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமணர் உள்ளிட்ட பலர் சினந்து எழுதினர். வள்ளுவரும் கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தவர். இந்நிலையில் நம் விடை என்ன?

முத்துவின் உடலிலிருந்த புழுக்கள் தேய்ந்தன. ஆனால் அவை விட்டுச்சென்ற சேதம் தேயவில்லை. இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்து, வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளத் தொடங்கியது. மருத்துவர் நீரை இறக்குவார். சில வாரங்களில் மீண்டும் சேரும். சிறுநீர் பிரியும் மாத்திரையால் ஓரளவு தணியும். கடந்த முறை நீரை இறக்கியபின் மருத்துவர், "ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடுவதைப் பற்றியும் எண்ணிப் பாருங்கள்" என்றார். கடிந்து சொல்லவில்லை; மென்மையாகவே சொன்னார்.

கொல்லவே கூடாது என்னும் நெறியை நான் மதிக்கிறேன். உயிரைத் தர இயலாதவன் எடுக்கவும் கூடாது என்பது வலுவான வாதம். ஆனால் முத்துவின் வாழ்வில் இயற்கையின் போக்கை நாம் முன்பே மாற்றிவிட்டோம். இயற்கை அதைக் கால்வாயில் முடித்திருக்கும். மருந்தால் அதன் நாள்களை நீட்டியவர்கள் நாமே. நீட்டிய நாள்களில் வலி மட்டுமே மிஞ்சுமாயின், "இனி இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்று கைகழுவுவது கொல்லாமை ஆகுமா? பொறுப்பைப் பாதிவழியில் இறக்கி வைப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. தீர்க்க முடியாத வலி என்று உறுதியான நிலையில் அந்த ஊசி பாவமாகாது என்பதே என் துணிபு. இதில் என்னோடு மாறுபடுவோர் என் வீட்டிலேயே உளர். என் துணைவியார் மாறுபடுகிறார். அவர்தாம் நாள்தோறும் முத்துவுக்கு மருந்து ஊட்டுபவர். ஆகவே அவருடைய சொல்லுக்கு என் சொல்லைவிட எடை அதிகம்.

உண்மையான இடர் வேறோரிடத்தில் உள்ளது. வலி யாருடையது? இரவில் பலமுறை எழுந்து களைத்தவன், "பாவம், எவ்வளவு துன்பப்படுகிறது" என்று சொல்லும்போது, அவன் சொல்வது நாயின் துன்பத்தையா, தன் துன்பத்தையா? மறுபுறம், பிரிய மனமில்லாதவன், "இன்னும் சோறு தின்கிறதே" என்று சொல்லும்போது, அவன் காப்பது நாயையா, தன் பாசத்தையா? களைப்பு ஒருபுறம் இழுக்கிறது. பாசம் மறுபுறம் இழுக்கிறது. இரண்டும் இரக்கத்தின் குரலிலேயே பேசுகின்றன. அன்பு கண்ணை மறைக்கும் என்று முன்னர் சொன்னது இதற்காகத்தான். வாய்பேச இயலும் நோயாளியானால் அவரையே கேட்கலாம். இங்கே ஒரு தரப்பே பேசுகிறது; அதுவே தீர்ப்பும் சொல்கிறது.

ஆகவே எங்கள் இருவர் சொல்லையும் நம்பாமல் ஒரு குறிப்பேட்டை நம்புவதென்று நானும் துணைவியாரும் உடன்பட்டோம். ஆசிரியர் தொழிலில் வருகைப் பதிவு எழுதிப் பழகிய கை இது. ஒவ்வொரு நாளும் நான்கு செய்திகள் மட்டும்: தானே எழுந்ததா, உண்டதா, மூச்சுத் திணறாமல் உறங்கியதா, பிள்ளைகள் பள்ளிவிட்டுப் போகும் ஓசை கேட்டுத் தலை தூக்கியதா. ஆம், இல்லை என்பவற்றைத் தவிர வேறு சொல் எழுதுவதில்லை. 'பாவம்' என்றும் 'பரவாயில்லை' என்றும் எழுதுவதில்லை. ஒரு வாரத்தில் 'இல்லை' மிகுந்தால், நீர் இறக்கியும் அது மாறாவிட்டால், மருத்துவரை வீட்டுக்கே அழைப்பது. மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்று அதை அஞ்ச வைப்பதில்லை. அந்நாளில் இருவரும் அருகில் இருப்பது. பிள்ளைகளிடம், எங்கோ தோட்டத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று பொய் கூறுவதில்லை.

நான்காம் ஆண்டில் அந்த வினாவைக் கேட்ட மாணவி இப்போது இடைநிலைப் பள்ளியில் பயில்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் வேலியோரம் வந்து, குறிப்பேட்டைக் காட்டச் சொல்லிப் படித்துவிட்டுப் போகிறாள். இந்த வாரம் உண்டது என்னும் வரிசையில் ஆறு 'ஆம்' உள்ளன; எழுந்தது என்னும் வரிசையில் நான்கு.